பிள்ளை பாம்பு கேட்டால்: ஹொக்நோஸ் வாங்குமுன் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

"அம்மம்மா, இது கடிச்சாலும் ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டு 12 வயதுப் பேத்தி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். செம்மஞ்சள் உடம்பு, சிவந்த கண், மேல்நோக்கி வளைந்த மூக்கு. சுட்டுவிரல் தடிப்பில் ஒரு சின்னப் பாம்பு. அம்மம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. "பாம்பெண்டா பாம்புதான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், எங்கள் உறவினர் வீடொன்றில் நடந்தது இது.

அம்மம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கின்றது. 2008ஆம் ஆண்டின் மாரியை அவர் வன்னியில் தறப்பாளின் கீழ் கழித்தவர். வெள்ளம் ஏறும்போது மனிதர் தேடிய மேட்டு நிலத்தைத்தான் பாம்புகளும் தேடின. பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை இறக்குமுன் தடியால் தட்டி, டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஷெல் வரும் நேரத்தில் அதற்கு எங்கே அவகாசம்? புடையன் கடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வாகனமும் இல்லை, பாதையும் இல்லை. அப்படி வாழ்ந்தவர் இருக்கும் வீட்டுக்குள் பணம் கொடுத்துப் பாம்பு வாங்கி வருவது என்றால், அது பிள்ளையின் பொழுதுபோக்கு மட்டுமல்ல.

ஆனாலும் இந்தக் கேள்வி புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளுக்கு இப்போது வருகின்றது. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் பிள்ளையின் வீட்டில் பாம்பு இருக்கின்றது; காணொளிகளில் விதம்விதமான நிறங்களில் பாம்புகள் வருகின்றன. "வேண்டாம்" என்று சொல்வதும் பெற்றோரின் உரிமைதான். "சரி" என்று சொல்வதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. எங்கள் உறவினர் வீட்டில் முதலில் வாங்கிய பாம்பு செத்துப்போனது. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கியதுதான் காரணம். அதைப் பின்னர் சொல்கின்றேன்.

இது எந்தப் பாம்பு?

செல்லப்பிராணியாக விற்கப்படுவது பெரும்பாலும் மேற்கத்திய ஹொக்நோஸ். ஹெட்டரோடொன் நாசிகஸ் என்பது விஞ்ஞானப் பெயர். ஹொக்நோஸ் என்றால் பன்றிமூக்கு. கனடாவின் அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா மாகாணங்களின் தென்பகுதியில் தொடங்கி, அமெரிக்காவின் நடுவிலுள்ள பெரும் புல்வெளிகள் வழியாகத் தெற்கே பரந்திருக்கும் பாம்பு இது. மணற்பாங்கான நிலத்தில் மூக்கை மண்வெட்டி போலப் பாவித்துக் கிண்டி, புதைந்திருக்கும் தேரைகளையும் பல்லி முட்டைகளையும் எடுத்துத் தின்னும். ஆண் பாம்பு பொதுவாக ஒன்றரை அடியைச் சுற்றி நிற்கும். பெண் பெரிது, மூன்று அடிவரை வளரக்கூடியது.

அதன் குணம் வேடிக்கையானது. பயந்தால் கழுத்தைத் தட்டையாக விரித்து, உடம்பை ஊதி, பெரிய சத்தத்துடன் சீறும். நாகம் படம் எடுத்ததைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் நெஞ்சு ஒருமுறை நின்று அடிக்கும். கொத்துவது போலப் பாயும், ஆனால் வாய் மூடியிருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் மல்லாந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டுச் செத்ததுபோல நடிக்கும். நிமிர்த்தி வைத்தால் மறுபடியும் தானாகவே புரண்டு "செத்துப்போகும்". இந்தக் கடைசி நாடகத்தில் கெட்டிக்காரர் கிழக்கத்திய ஹொக்நோஸ் என்ற உறவினர். மேற்கத்தியது குறைவாகவே செய்யும். வளர்ப்பில் பிறந்து மனிதக் கைக்குப் பழகிய பாம்புகள் பெரும்பாலும் சீறுவதோடு நிறுத்திவிடும்.

இனி விஷம். பேத்தி சொன்னது முழுவதும் சரியல்ல. "இதற்கு விஷமே இல்லை" என்று விற்பவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். மேல்தாடையின் பின்பக்கத்தில் பெரிய பற்களும், சிறிய இரைகளை மடக்கக்கூடிய மெல்லிய விஷமும் இதற்கு உண்டு. இந்தப் பாம்பு கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவில்லை. ஆனால் கடித்துப் பிடித்துக்கொண்டு சப்பினால் கை வீங்கும், கன்றிப்போகும், சிலருக்குக் கொப்பளமும் வரும். வீக்கம் வற்றச் சில நாட்கள் செல்லலாம். இந்தக் கடியின் பின்னர் ஒருவருக்கு இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்ததாக மருத்துவ இதழொன்றில் அறிக்கையும் வந்திருக்கின்றது. கடி விழுவது பெரும்பாலும் உணவு நேரத்தில். எலி மணக்கும் கையை எலி என்று நினைத்துப் பிடித்துவிடும். எனவே உணவை நீண்ட சாமணத்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். கடித்தால் "கொஞ்ச நேரத்தில் தானாக விடும்" என்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே விடுவித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வீக்கம் கையில் ஏறினால் வைத்தியரிடம் போக வேண்டும். பொறுப்பான பெரியவர் பக்கத்தில் இல்லாமல் சிறுபிள்ளை இதற்கு உணவு கொடுக்கக் கூடாது.

நிறங்கள் எப்படி வருகின்றன?

காட்டில் இருக்கும் ஹொக்நோஸ் மணல் நிறத்தில், கபிலத் திட்டுகளோடு இருக்கும். வயிறு மட்டும் கறுப்பு. எப்போதாவது நிறம் மாறிய குட்டி ஒன்று பிறக்கும். காட்டில் அது பருந்தின் கண்ணுக்கு முதலில் தெரியும். அதிக நாள் தப்பாது. மனிதர் கையில் கிடைத்தால் அதை வளர்த்து, இனம்பெருக்கி, அந்த நிறத்தைப் பரம்பரையாக நிலைநிறுத்துவார்கள். இப்படி வந்தவற்றைத்தான் "மோர்ப்" என்கின்றார்கள்.

அல்பினோவில் கருநிறமி இல்லை. அதனால் செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும், சிவந்த கண்ணும். அக்ஸாந்திக்கில் மஞ்சளும் சிவப்பும் இல்லை; பழைய கறுப்பு வெள்ளைப் படம்போலச் சாம்பல் நிறம். இவ்விரண்டும் ஒரே பாம்பில் சேர்ந்தால் ஏறக்குறைய வெள்ளையான "ஸ்னோ". அனகொண்டா என்றொரு வகையும் உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரிய அனகொண்டாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. திட்டுகள் குறைந்து வட்டப் புள்ளிகளாக இருப்பதால் வைத்த பெயர். அந்தப் பரம்பரை அலகு தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்தால் கோலமே இல்லாத ஒரே நிறப் பாம்பு பிறக்கும், அது "சுப்பர்கொண்டா".

இங்கே விலை விளையாடுகின்றது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு மெண்டலின் பட்டாணி நினைவிருக்கும். அல்பினோ என்பது பின்னிடைவான இயல்பு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்த குட்டி பார்வைக்குச் சாதாரணக் கபிலப் பாம்பு. ஆனால் உள்ளே அல்பினோ அலகைச் சுமந்திருக்கும். வியாபாரத்தில் அதை "ஹெட்" என்பார்கள்.

சுமக்கும் இரண்டு பாம்புகளை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒன்று அல்பினோ, இரண்டு சுமப்பவை, ஒன்று எதுவுமில்லாதது. அல்பினோவை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எந்த இரண்டு சுமக்கின்றன என்று கண்ணால் சொல்ல முடியாது. இந்த மூன்றையும்தான் "66 வீத ஹெட்" என்று விலைகூட்டி விற்கின்றார்கள். அதாவது நீங்கள் வாங்குவது ஒரு வாய்ப்பை. லொத்தர் சீட்டுப் போல. இரண்டு நிறங்களையும் சுமக்கும் சோடியிலிருந்து ஸ்னோ பிறக்கும் வாய்ப்பு இன்னும் சிறியது: 16இல் 1. அதனால்தான் அதன் விலை ஏறுகின்றது.

இனம்பெருக்கும் எண்ணம் இல்லாத ஒரு குடும்பத்துக்கு இந்த "ஹெட்" கணக்கால் ஒரு சதப் பிரயோசனமும் இல்லை. பிள்ளை பார்க்கப்போவது கபிலப் பாம்பைத்தான். அதற்கு ஏன் கூடுதலாக நூறு டொலர் கொடுக்க வேண்டும்? அதுபோலவே "இப்போது வாங்கிக் குட்டி விற்றால் போட்ட காசை எடுக்கலாம்" என்ற பேச்சையும் கணக்கில் எடுக்காதீர்கள். புதிய நிறம் ஒன்று வந்தவுடன் விலை உச்சத்தில் இருக்கும். எல்லோரும் அதை இனம்பெருக்கத் தொடங்கியதும் சரியும். சீட்டுக் கட்டி நொந்த எங்கள் சனத்துக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

நிறத்தோடு நோயும் வரலாம் என்பதையும் கேட்டு அறிய வேண்டும். ஆபிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் "ஸ்பைடர்" என்ற அழகான மோர்ப் இருக்கின்றது. அந்த அழகைத் தரும் அலகே தலை ஆடும், சமநிலை தவறும் குறையையும் தருகின்றது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. ஹொக்நோஸில் அவ்வளவு பெயர்போன குறை எதுவும் இல்லை. என்றாலும் அல்பினோவின் கண்ணில் வெளிச்சத்தைத் தாங்கும் நிறமி இல்லாததால் கடும் வெளிச்சத்தின் கீழ் வைக்கக் கூடாது. மிக நெருங்கிய உறவுக்குள் திரும்பத்திரும்ப இனம்பெருக்கப்பட்ட குட்டியா என்றும் கேளுங்கள். தாய், தகப்பன் எந்த வழி என்று பதில் சொல்ல முடியாதவரிடம் விலைகூடிய நிறம் வாங்குவது புத்தியல்ல.

செத்துப்போன அல்பினோ

இனி எங்கள் வீட்டுக் கதை. ஹொக்நோஸ் முட்டைகள் கோடையிலும் இலையுதிர்கால ஆரம்பத்திலும் பொரிக்கும். அதனால் இலையுதிர்கால ஊர்வனக் கண்காட்சிகளில் சின்னக் குட்டிகள் பிளாஸ்டிக் கிண்ணங்களில் வரிசையாக இருக்கும். அப்படி ஒன்றில்தான் பிள்ளையின் தகப்பன் அந்த அல்பினோவை வாங்கினார். நிறத்தைக் கேட்டார், விலையைக் கேட்டார், ஆணா பெண்ணா என்றும் கேட்டார். சாப்பிடுகின்றதா என்று கேட்கவில்லை.

அது சாப்பிடவே இல்லை. காட்டில் தேரையும் பல்லியும் தின்னும் இனம் இது. தேரையின் நஞ்சைத் தாங்கும் உடலமைப்பும் அதற்கு உண்டு. எலி அதற்கு இயல்பான முதல் உணவல்ல. பொரித்த குட்டிகளில் சில எலியை மோந்துகூடப் பார்க்காது. அனுபவமுள்ளவர்கள் எலிக்குட்டியில் மீன் மணமோ தவளை மணமோ பூசி, வாரக்கணக்கில் பொறுமையாகப் பழக்கி, பிறகு மெல்ல அந்த மணத்தை நிறுத்துவார்கள். அந்த வேலை முடிந்த பிறகுதான் குட்டியை விற்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த குட்டி அந்த வேலை செய்யப்படாதது. பிள்ளை ஒவ்வொரு ஐந்து நாளும் எலிக்குட்டியை இளஞ்சூடாக்கி வைத்தாள். காலையில் எடுத்து எறிந்தாள். ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரைத் தேடிப் போனபோது முதுகெலும்பு கூர்மையாகத் தெரிந்தது. இரண்டாவது மாதம் முடியுமுன் செத்துவிட்டது.

அன்றைக்குத்தான் அம்மம்மா அந்த அறைக்குள் முதன்முறையாகப் போனார். "வாயில்லாச் சீவனை இப்பிடிப் பட்டினி கிடந்து சாக விடலாமோ" என்று மருமகனைப் பேசினார். வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பட்டினி பற்றி அவர் பேசும்போது அந்த வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை.

இரண்டாவது தேடலில் நானும் சேர்ந்துகொண்டேன். நாங்கள் கேட்டவை இவைதான். எந்தத் திகதி பொரித்தது? எத்தனை தரம் உணவு எடுத்தது, எழுதிவைத்த பதிவு இருக்கின்றதா? மணம் எதுவும் பூசாமல், உறைநிலையிலிருந்து இளக்கிய எலியைத் தொடர்ச்சியாக ஐந்தாறு தடவையாவது எடுத்திருக்கின்றதா? எங்கள் கண்முன் ஒருமுறை சாப்பிடக் கொடுக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காதவரிடம்தான் வாங்கினோம்.

பிறகு பாம்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும். கண்ணின் மேலோ வால் நுனியிலோ பழைய செட்டை ஒட்டியிருக்கக் கூடாது. வாயோரத்தில் சளியும், செதில்களுக்கிடையில் அசையும் கறுப்புப் பேன்களும் இருக்கக் கூடாது. உடம்பை விரலால் மெல்ல நீவினால் எங்கும் முறுக்கோ முடிச்சோ தட்டுப்படக் கூடாது. சீறினால் பரவாயில்லை, துவண்டு கிடப்பதுதான் கவலைக்குரியது. பொரித்து சில வாரமே ஆன குட்டியைவிட, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதை வாங்குவது முதல்தரம் வளர்ப்பவருக்கு எவ்வளவோ நிம்மதி.

அவர்கள் கொண்டுவந்தது பத்து மாத வயதுள்ள, சாதாரணக் கபில நிற ஆண் பாம்பு. அங்கே இருந்ததில் விலை குறைந்தது அதுதான். பிள்ளைக்கு முதலில் ஏமாற்றம். முதல் கிழமையே எலியைப் பாய்ந்து எடுத்ததும் நிறத்தைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

வளர்ப்பில் பிறந்ததா என்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றார்கள் என்று சிலர் கேட்கலாம். காட்டில் பிடித்த பாம்பு உடலுக்குள் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரும், கூட்டுக்குள் பயந்து உணவை மறுக்கும், பெரும்பாலும் நீடிக்காது. சட்டமும் குறுக்கே நிற்கும். ஒன்ராறியோவில் வாழும் கிழக்கத்திய ஹொக்நோஸ் கனடாவின் அழிவாபத்துப் பட்டியலில் உள்ள இனம். கோடையில் குடிசை வாடகைக்கு எடுத்துப் போன இடத்தில் கண்டால் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், பாம்பை எடுத்துவர வேண்டாம்.

வீட்டுக்குள் வந்த பிறகு

கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் 32 பாகை செல்சியஸ் அளவில் சூடு, மறுபக்கம் 24 அளவில் குளிர்ச்சி. சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டற் கட்டாயம். அது இல்லாத சூட்டுத் தகடு பாம்பைச் சுட்டுவிடும். கிண்டிப் புதைய அஸ்பன் மரச்சீவல் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வேண்டும். சீடர் மரச்சீவல் கூடாது. அதன் எண்ணெய் ஊர்வனவுக்கு ஆகாது. ஒளிந்துகொள்ள இரண்டு இடம், தண்ணீர்ப் பாத்திரம், பூட்டக்கூடிய மூடி. மூடியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பாம்பு தப்பி ஓடிய இரவில் அந்த வீட்டில் யாரும் நித்திரை கொள்ள முடியாது.

பெரிய பிரச்சினை குளிர்ப்பெட்டிதான். உறைந்த எலிகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீட்டில், மீனும் இறைச்சியும்கூட ஒதுக்கி வைக்கும் பெட்டியில், எலிக்கு எங்கே இடம்? எங்கள் உறவினர் நிலக்கீழ் அறையில் சின்ன உறைபெட்டி ஒன்று தனியாக வைத்தார்கள். வாங்குமுன் இதைப் பேசி முடியுங்கள். பாம்பு வந்த பிறகு பேசினால் சண்டை. எலியை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது; பொலித்தீன் பையில் போட்டு, இதற்கென்று ஒதுக்கிய பாத்திரத்தில் சுடுதண்ணீரில் இளக்க வேண்டும்.

ஊர்வனவின் உடலில் சல்மொனெல்லா பக்ரீரியா சாதாரணமாக இருக்கும். பாம்புக்கு அது ஒன்றும் செய்யாது. மனிதருக்குக் கடும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆலோசனை. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் எங்கள் வீடுகளுக்கு இது நேராகப் பொருந்தும். வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவரோ, சிறுநீரகம் மாற்றியவரோ, கைக்குழந்தையோ இருந்தால் என் பதில் "இப்போது வேண்டாம்" என்பதுதான். அம்மம்மாவுக்கு 71 வயது. அதனால் கூடு பூட்டிய அறைக்குள். பாத்திரம் கழுவுவது நிலக்கீழ் அறையில், சமையலறைத் தொட்டியில் அல்ல. பாம்பைத் தொட்டால் முழங்கைவரை சவர்க்காரம். அப்படியும் ஆபத்து முற்றாக இல்லாமல் போகாது என்று அவர்களுக்குச் சொல்லித்தான் இருக்கின்றேன்.

குளிர்காலத்தில் ஆண் ஹொக்நோஸ் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். முதல் அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு இது பெரிய பயம். தராசில் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதி வருகின்றாள். நிறை குறையாதவரை பயமில்லை. குறைந்துகொண்டே போனால்தான் வைத்தியர்.

நல்ல பராமரிப்பில் இந்தப் பாம்பு 15, 20 வருடம் வாழும். 12 வயதுப் பிள்ளை பல்கலைக்கழகம் போய், வேலைக்குப் போய், கலியாணம் கட்டும் வயதிலும் அது இருக்கும். இடையில் யார் பார்ப்பது? தாய் ஒப்புக்கொண்டார். அம்மம்மா "என்னட்டைக் கேக்கக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டுப் பாம்பு எதையும் தனியார் வளர்க்க முடியாது. அங்குள்ள உறவுகளுக்கு ஹொக்நோஸ் கனவே வேண்டாம். நியூசிலாந்தில் பாம்பே கூடாது. இலங்கைக்குள் உயிருள்ள வெளிநாட்டுப் பாம்பை அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றம். லீவில் வரும் பிள்ளைக்கு இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் மாகாணத்துக்கு மாகாணம், நகரசபைக்கு நகரசபை விதி மாறும். "விஷமுள்ள பாம்பு" என்ற சொல்லுக்குள் பின்பல் விஷப் பாம்பும் அடங்குமா என்று நகரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும்.

பாரமாகிவிட்டது என்று வெளியில் விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியாத் தீவில் பாம்பினமே இயற்கையாக இருக்கவில்லை. செல்லப்பிராணியாக வந்த கலிபோர்னிய ராஜபாம்புகள் 1998இல் அங்கே காட்டில் காணப்பட்டன. அவற்றில் வளர்ப்பில் உருவான அல்பினோக்களும் இருந்தன. தீவின் பெரும்பல்லிகளுக்குப் பாம்பு என்றால் என்னவென்றே தெரியாது. பாம்பு பரவிய இடங்களில் அந்தப் பல்லிகள் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. இன்றுவரை அந்தப் பாம்புகளை முற்றாக அகற்ற முடியவில்லை.

ஆகவே வாங்கும் நாளிலேயே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "எங்களால் வைத்திருக்க முடியாமல் போனால் திருப்பி எடுப்பீர்களா?" நாங்கள் வாங்கியவர் ஓம் என்றார். அதைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம்.